பையைத் தூக்கிக்கிட்டு அலையுற ஆம்பளை

இன்னைக்குப் பேசப்போற விஷயம் கேட்க ரொம்பச் சில்லறையா இருக்கும். ஆம்பளைங்க பை. ஆபீஸ் லேப்டாப் பையையோ ஊருக்குப் போற பையையோ சொல்லலை. சொந்தச் சாமான் நாலைப் போட்டுத் தினமும் தோள்ல மாட்டிக்கிட்டுப் போற சின்னப் பை. அது இல்லாததால நான் ஒருநாள் திருமங்கலம் தாண்டி ரோட்டோரமா விழப்பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த எபிசோட். ஆனா நேரா அங்க போக முடியாது, கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

மதுரையில 14 வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன் நான். ரெப் பை எப்படி இருக்கும்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல பார்த்திருப்பீங்க. கறுப்பா, பெட்டி மாதிரி, உள்ளே சாம்பிளும் கம்பெனி புத்தகங்களுமா அடைச்சு வெச்சிருக்கும். அதைத் தூக்கித் தூக்கியே என் வலது தோள் இன்னைக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனா அதைத் தூக்க ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கண்டக்டர் தோல்பை மாட்டுறார், தபால்காரர் பை மாட்டுறார், கவிஞர்னா ஜோல்னாப் பை. யாராவது சிரிக்கிறோமா? வேலை தூக்கச் சொன்னா கௌரவம். தனக்குன்னு ஒரு பை தூக்கணும்னா மட்டும் நமக்கு என்னமோ ஆயிடுது.

ரெப் வேலையை விட்டுட்டுச் சொந்தமா ஒரு சின்ன மருந்து ஏஜென்சி ஆரம்பிச்சேன். அன்னையோட பையும் போச்சு. கையை வீசிக்கிட்டு நடக்கிறதுதான் முதலாளி லட்சணம்னு ஒரு நினைப்பு. அப்போ சாமான் எல்லாம் எங்க போகும்? சட்டைப் பையில ஃபோன், பேனா, ரெண்டு பில். குனிஞ்சா எல்லாம் கீழே கொட்டும். பேன்ட் பின் பாக்கெட்ல பர்ஸ். பர்ஸ்னா பர்ஸ் இல்லை, அது ஒரு செங்கல். அதுமேலேயே நாள் முழுக்க உட்கார்ந்தா பின்னங்கால் வரைக்கும் நரம்பு இழுக்கும். 1978லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல இதைப் பத்தி ஒரு குறிப்பு வந்திருக்கு. கிரெடிட் கார்டு அடைச்ச பர்ஸால வர்ற நரம்பு வலின்னு பேரே வெச்சுட்டாங்க.

2016ல யூபிஐ வந்தப்புறம் பர்ஸ் இளைச்சது. 2018ல லைசென்ஸ், ஆர்.சி. எல்லாத்தையும் டிஜிலாக்கர்ல காட்டினாப் போதும்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. நல்லதுதான். ஆனா எல்லாம் ஃபோனுக்குள்ள போனதும், ஃபோன் செத்தா நம்மளும் செத்த மாதிரி. அதனால பவர் பேங்க், ஒயர். 40 தாண்டினதும் படிக்கிற கண்ணாடி. இதுக்கெல்லாம் பாக்கெட் ஏது?

இருக்கே, வீட்டம்மா ஹேண்ட்பேக்! கல்யாண வீட்டுக்குப் போனா என் வண்டிச் சாவி, கண்ணாடி, மாத்திரை டப்பா, சில நேரம் என் ஃபோனும் அவ பையிலதான் இருக்கும். ஒருநாள் அவ பையைக் கவிழ்த்துக் காட்டினா. பாதிச் சாமான் என்னோடது. "பை தூக்க மாட்டேன் தூக்க மாட்டேன்னு சொல்றீங்க, உங்க பையைத்தாங்க நான் தூக்கிட்டு வர்றேன்"னா. நான் சிரிச்சு மழுப்பினேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எனக்கு 46 வயசு. மாத்திரைக்குச் சர்க்கரை கட்டுப்படலைன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இன்சுலினுக்கு மாத்திட்டாங்க. மூணு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி எட்டெட்டு யூனிட், பேனா ஊசி. மதிய ஊசி எப்பவும் வெளியில போற இடத்துலதான். பேனாவை எதுல கொண்டுபோறது? வீட்ல ஒரு சின்னப் பை எடுத்து வெச்சா. மாட்டிப் பார்த்தேன், கண்ணாடியில ஒரு மாதிரி தெரிஞ்சுது. வேண்டாம்னுட்டேன். ஸ்கூட்டர்ல சீட்டுக்கு அடியில டிக்கி இருக்குல்ல, அதுல போட்டுக்கிட்டேன். ரெண்டு பேனா வாங்கினா ரெண்டும் அங்கேயே கிடக்கும்.

மாசமோ மே. மதுரை. சீட்டு மேலே கை வைக்க முடியாது, உள்ளே எப்படி இருக்கும்! இதுல வெட்கக்கேடு என்னன்னா, நான் இன்சுலின் வித்து வாழுறவன். கம்பெனியில இருந்து ஐஸ் பெட்டியில வர்றதை ஃபிரிட்ஜ்ல ஏத்தி, கடைக்காரர்களுக்கு "சார், வெளியில வெச்சிடாதீங்க"ன்னு தினமும் சொல்றவன். பிரிக்காத பேனா ஃபிரிட்ஜ்ல இருக்கணும், உறைஞ்சும் போகக்கூடாது. பிரிச்சதை வெளியில வெச்சுக்கலாம், ஆனா 30 டிகிரிக்குக் கீழே, அதுவும் பெரும்பாலும் நாலு வாரம்தான். இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? தோள்ல ஒரு பை மாட்ட மனசு வரலை.

வெயில்ல கெட்ட இன்சுலின் பார்க்க அப்படியே தெளிவாத்தான் இருக்கும். ஆனா வீரியம் இருக்காது. எனக்கு சுகர் ஏற ஆரம்பிச்சுது. 280, 310. டாக்டர் சாப்பாட்டைக் கேட்டார், நடக்கிறீங்களான்னு கேட்டார், ஊசியை எங்க வைக்கிறீங்கன்னும் கேட்டார். "ஃபிரிட்ஜ்லதான் சார்"னேன். பொய். ஒரு பையை மாட்டாததை மறைக்க டாக்டர்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். அவர் பாவம், என்னை நம்பி எட்டைப் பதினொண்ணாக்கினார், அடுத்த தடவை பதினாலாக்கினார்.

டிக்கியில இருந்த பேனா தீர்ந்துச்சு. ஒருநாள் காலையில கடை ஃபிரிட்ஜ்ல இருந்து புதுப் பேனா எடுத்தேன். நல்ல மருந்து, முழு வீரியம். அதுல அதே பதினாலு யூனிட். அவசரத்துல ரெண்டே இட்லி. விருதுநகர்ல ஒரு கலெக்‌ஷன் இருந்தது, வண்டியை எடுத்துட்டேன்.

திருமங்கலம் தாண்டினப்போ வேர்க்க ஆரம்பிச்சுது. வெயில்னு நினைச்சேன். அப்புறம் கை நடுக்கம், எதிர்ல வர்ற லாரி ரெண்டாத் தெரியுது. கள்ளிக்குடிக்கு முன்னாடி ஒரு டீக்கடையில வண்டியைச் சாய்ச்சேன். ஸ்டாண்டு போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை. டீ மாஸ்டர்கிட்ட சர்க்கரை கேட்கணும். வாய் குழறுது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "காலங்காத்தால ஊத்திட்டு வந்துடுறானுக"ன்னு திரும்பிக்கிட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருந்திருப்பேன்.

பெஞ்சுல ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி, மேலே அந்த அகலமான பச்சை பெல்ட். "ஏய்யா, சுகரா?"ன்னார். தலையாட்டினேன். பெல்ட்ல இருந்த பையைத் திறந்து நாலு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கையில வெச்சு, "சப்பாத, கடிச்சு முழுங்கு"ன்னார். அப்புறம் மாஸ்டரை ஒரு சத்தம் போட்டார். டம்ளர்ல சர்க்கரைத் தண்ணி வந்துச்சு. கால் மணி நேரத்துல உலகம் திரும்பி வந்துருச்சு. அவருக்கும் சுகர்தான், 12 வருஷமா. "ரெண்டு தடவை வரப்புல விழுந்திருக்கேன்யா, அதுல இருந்து மிட்டாய் இல்லாம காட்டுக்குப் போறதில்ல"ன்னார்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், இது யாருக்காவது உதவும். இன்சுலின் போடுறவங்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் சுகர் 70க்குக் கீழே போனா உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போகணும். மூணு டீஸ்பூன்னு வெச்சுக்கோங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும், ஏறலைன்னா இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாத்தான் ரத்தத்துல சேர விடும். மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, 108க்குக் கூப்பிடணும்.

அந்தப் பச்சை பெல்ட்டைத்தான் நான் வீடு வர்ற வரைக்கும் நினைச்சுட்டு வந்தேன். நம்ம தாத்தாக்கள் யாரும் கையை வீசிட்டுப் போகலையே! இடுப்புல வெத்தலைப் பாக்கு போட்ட சுருக்குப் பை, வேட்டிக்கு உள்ளே பட்டாபட்டி டவுசர்ல பெரிய பாக்கெட், கையில மஞ்சப்பை. 1991ல ஆல்ப்ஸ் மலைப் பனியில ஒரு ஆணோட உடம்பு கிடைச்சுது, ஓட்ஸின்னு பேர் வெச்சிருக்காங்க, 5,000 வருஷத்துக்கும் மேலே பழசு. அவர் இடுப்புலேயும் தோல் பை தெச்ச ஒரு பெல்ட். உள்ளே கல் கருவிகள், எலும்பு ஊசி, தீ மூட்ட உதவுற காளான். தனியா ரெண்டு துண்டு வேற வகைக் காளானைத் தோல் வாரில் கோத்து வெச்சிருந்தார். அது மருந்தா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்றாங்க. அவர் தன் மருந்தைத் தானே தூக்கிட்டுத்தான் மலை ஏறியிருக்கார். பை பொம்பளைங்க சமாச்சாரம்னு நமக்கு யார் சொன்னாங்கன்னு தெரியலை. பேன்ட்ல பாக்கெட் வந்தப்புறம் வந்த திமிரா இருக்கும்.

முதல்ல டாக்டர்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டலை, பேனாவைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். யூனிட்டைக் குறைச்சார். அப்புறம் டவுன்ஹால் ரோடு பக்கம் 450 ரூபாய்க்கு ஒரு குறுக்குப் பை வாங்கினேன். மூணாவது வாரமே ஜிப் ரன்னர் போச்சு, தெருவோரத் தையல்காரர்கிட்ட 30 ரூபாய்க்கு நல்ல ரன்னர் மாத்தினேன். பை வாங்குறவங்க ஜிப்பையும் வார் தைச்ச இடத்தையும் இழுத்துப் பாருங்க, மத்ததெல்லாம் அழகுதான்.

உள்ளே சுகர் பார்க்கிற மெஷின், கண்ணாடி, பவர் பேங்க், மடிச்ச மஞ்சப்பை ஒண்ணு. இந்த மஞ்சப்பைக்கு 2021 டிசம்பர்ல அரசே ஒரு திட்டம் ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கும். போட்ட ஊசி முனைகளுக்குக் கெட்டியான ஒரு மூடி போட்ட டப்பா. இன்சுலின் மட்டும் வெளிப்பக்க வலைப் பாக்கெட்ல, ஒரு தனி உறையில. அந்த உறையைத் தண்ணியில ஊறவெச்சா உள்ளே இருக்கிற பரல் ஜெல்லா உப்பும். தண்ணி ஆவியாக ஆவியாகக் குளிரும், நம்ம மண்பானை மாதிரியே. காத்துப் படணும், அதனாலதான் வலைப் பாக்கெட். ஆரஞ்சு மிட்டாய் மட்டும் பையில இல்லை, சட்டைப் பையில. பையைக் கழட்டி வெச்ச நேரத்துல மயக்கம் வந்தா?

முதல் நாள் பையோட டீக்கடைக்குப் போனேன். என் சிநேகிதன் ஒருத்தன், 20 வருஷப் பழக்கம், விசில் அடிச்சு "ரைட், ரைட்! அண்ணே, பெரியார் ஸ்டாண்டு ஒண்ணு குடுங்க"ன்னான். கடையே சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஒரு மாசம் என் பேரே கண்டக்டர்தான்.

போன வாரம் அவனுக்கு பி.பி. மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. டீ குடிச்சு முடிச்சதும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அந்தச் சின்ன மாத்திரை அட்டையை நீட்டி, "உன் பையில இடம் இருக்கும்ல, இதையும் போட்டு வெச்சுக்கடா"ன்னான்.

இடம் இல்லைன்னுட்டேன். டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கு வழி சொல்லியிருக்கேன்.