தாய்மார் நலமும் துளைவழி அறுவையும்



மருத்துவம் கல்லாத யாம் மருத்துவம் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதைக் கணக்கில் கண் தேய்ப்பவர் யாம். எனினும், மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்களை நாள்தோறும் காண்கிறோம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டதன் பின்னர் இவர்தம் கூலியே பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. கருப்பைக் கட்டியால் உதிரம் பெருகி வெளிறிப்போன ஓர் அம்மையார், "வயிற்றைக் கிழித்தால் ஆறு வாரம் படுக்க வேண்டுமாமே, சோறு யார் போடுவார்?" என்று எம் இல்லத்தாரிடம் கேட்டார். அதற்கு விடை தேடியதன் பயனே இவ்வுரை.

தொப்புளருகே சிறு துளையிட்டு, விளக்குடைய குழாயைச் செலுத்தி, வேறிரண்டொரு துளைகளின் வழியே கருவிகளை இயக்குவது லாப்பராஸ்கோப்பி. 1910இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயஸ் மனித வயிற்றை இவ்வாறு நோக்கினார். 1988இல் அமெரிக்காவில் ஹாரி ரீக் இம்முறையால் கருப்பையை அகற்றினார். நோவு குறைவு, வேலைக்குத் திரும்புவதும் விரைவு.

சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு இஃது எட்டாக்கனியானது ஏன்? வயிற்றை உப்பச் செய்யக் கரியமில வாயு வேண்டும். வாயு ஏற்றினால் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். மயக்க மருத்துவரோ கிடைப்பதரிது. இம்முடிச்சை அவிழ்த்த வகை எமக்குப் பெருவியப்பு! வாயுவே இன்றி, வளைந்த கம்பியொன்றை உள்ளே செலுத்தி, மேசையில் பொருத்திய தாங்கியால் வயிற்றுச் சுவரைக் கூடாரத் துணிபோல் தூக்கிப் பிடிக்கின்றனர். முதுகுத்தண்டில் இடும் ஊசி போதுமாகிறது. பழகிய சாதாரணக் கருவிகள் பலவும் உதவுகின்றன. வடகிழக்கு மாநிலச் சிற்றூர்களில் இதனைப் பரப்பியவர்களுள் வேலூரில் பயின்ற டாக்டர் ஞானராஜ் ஒருவர்.

கருவி வந்துவிட்டால் எல்லாம் வந்ததாகாது. அலமாரியில் பூட்டிய கருவி யாரையும் குணப்படுத்தாது. பழகிய கை வேண்டும். கருவிகளைத் தூய்மை செய்யும் ஒழுங்கு வேண்டும். இடையூறு நேர்ந்தால் அக்கணமே வயிற்றைத் திறக்கும் ஆயத்தமும், ஏற்றுதற்குக் குருதியும் வேண்டும். பிறப்புவழியே கருப்பையை அகற்றும் பழைய முறைக்கோ வயிற்றில் துளையும் வேண்டா, குழாயும் வேண்டா. இயன்றவிடத்து அதனையே முதலில் எண்ணுக என்பர் வல்லுநர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவையின்றிக் கருப்பையை அகற்றும் கொடுமையும் நாட்டில் உண்டு. அதனைத் தடுக்கும் நெறிமுறைகளைச் செயற்படுத்துமாறு 2023இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆதலின், மருந்தால் தீருமா என்று முதலிலே கேளுங்கள், தாய்மார்களே, கேட்பதற்கு நாணவேண்டா.

அவ்வம்மையார் மருத்துவரைக் காண இசைந்துள்ளார். எம் இல்லத்தார் துணை செல்கிறார். இம்முறையில் பயின்ற மருத்துவரை நம் வட்டார அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புமாறு கோரும் விண்ணப்பம் வாயிலில் உள்ளது. உணவருந்திச் செல்லுமுன் கையொப்பமிடுக.