ஒத்திகைக்கு வராதவர்கள்



நிகழ்த்துகலையும் மருத்துவ மாணவர் நலமும் பற்றிக் கருத்தரங்கம் என்றதும், "கல்ச்சுரல்ஸ் பற்றியா சார்?" என்று சிலர் கேட்டார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். நம் கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் ஆண்டுதோறும் தடபுடலாக நடக்கிறது. ஆடத் தெரிந்தவர்கள் ஆடுகிறார்கள், பாடத் தெரிந்தவர்கள் கோப்பை வாங்குகிறார்கள், மற்றவர்கள் கீழே உட்கார்ந்து விசிலடிக்கிறார்கள். சிலர் அதற்கும் வருவதில்லை. விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இன்று நாம் பேச வேண்டியது அவர்களைப் பற்றி.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. அதன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கூறினார்கள். நால்வரில் ஒருவருக்கும் மேல்.

கலை இதற்கு மருந்தாகுமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலை உடலுக்கும் மனத்துக்கும் துணைசெய்கிறது என்றது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு சிறிய ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் 2015இல் வெளியிட்டது. அறிமுகமில்லாத சிலர் பாட்டு வகுப்பிலும், வேறு சிலர் கைவினை, எழுத்து வகுப்புகளிலும் சேர்ந்தார்கள். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் மட்டும் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். பெட்டியோடு விடுதியில் வந்து இறங்கும் முதலாண்டு மாணவருக்கு அந்த முதல் மாதம்தானே கண்டம்! 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் அடிப்படைப் பயிற்சியில் விளையாட்டுக்கும் கலைக்கும் இடம் உண்டு. அந்த நேரத்தை வரவேற்புரைகளே விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமை உரைகளும்தான்.

கோலாட்டத்தைக் கவனியுங்கள். கோல் என் கையில் இருந்தாலும் ஓசை எழ எதிரில் நிற்பவரின் கோலும் வேண்டும். கணக்குத் தப்பினால் அவர் விரலில் அடி விழும். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் ஆடியாக வேண்டும். ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து முதல் பரிசு கொடுக்க வழியில்லாத ஆட்டம் அது. கும்மியும் அப்படியே. தரவரிசையிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது இதுதான் என்பது என் கட்சி.

நாடகத்துக்கு வருவோம். தில்லி யு.சி.எம்.எஸ். மருத்துவக் கல்லூரியில், கலை இலக்கியத்தை மருத்துவத்தோடு சேர்க்கும் குழு ஒன்று 2009இல் உருவானது. பிரேசிலின் அகஸ்டோ போவால் வகுத்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' முறையை அவர்கள் மாணவரிடம் கொண்டுவந்தார்கள். அம்முறை எப்படி நடக்கும்? ரவுண்ட்ஸில் நோயாளியின் கட்டிலருகே ஒரு பி.ஜி., ஹவுஸ் சர்ஜனைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடந்ததை நடந்தபடியே நடிப்பார்கள். மறுமுறை, பார்த்துக்கொண்டிருப்பவர் எவரும் "நிறுத்துங்கள்" என்று சொல்லி எழுந்து வந்து, ஹவுஸ் சர்ஜனின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடந்து பார்க்கலாம். ஒருவர் எதிர்த்துப் பேசுவார்; நிலைமை இன்னும் கெடும். இன்னொருவர் நோயாளியின் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கம்மா" என்பார். திட்டியவரின் குரல் தானே இறங்கும். யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த வசவை வாங்கியது தான் ஒருவர் மட்டுமல்ல என்பது அங்கிருக்கும் எல்லாருக்கும் தெரிந்துபோகும். பாதி வைத்தியம் அதுவே.

இதற்கெல்லாம் மதிப்பெண் போட வேண்டாம் என்று டீன் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போட்டால் அதற்கும் டியூஷன் வந்துவிடும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். முதுநிலை மாணவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே பணிக்குழுவின் பரிந்துரை. விடிய விடிய டூட்டி பார்த்தவரைப் பறையடிக்கக் கூப்பிடுவது நலத்திட்டம் ஆகாது. அவரைத் தூங்க விடுங்கள். கலை நிகழ்ச்சியைக் காட்டி டூட்டி நேரக் கேள்வியை மூடிவிடும் நிர்வாகத்துக்கு இந்தக் கருத்தரங்கம் சாட்சி சொல்லக் கூடாது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் எத்தனை பேர் மேடை ஏறினார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒத்திகைக்கு வராதவர் யார், பாதியில் நின்றவர் ஏன் நின்றார் என்பதையும் சொல்லுங்கள். அந்த விவரம் உள்ள கட்டுரைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தரத் தலைவர் என்ற முறையில் நான் தயார். முதல் அமர்வைத் தொடங்கலாம்.