நுண்துகளும் நன்னீரும்: நம் பிள்ளைகளின் மேற்கல்வி குறித்து

(ஜமாஅத் ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உதவி கோரி நம் ஜமாஅத்துக்கு வரும் விண்ணப்பங்களில் பொறியியலும் கணினியுமே மிகுதி. வேதியியல், இயற்பியல் பயில வருவோர் மிக அரிது. "எம்.எஸ்.சி. படித்து என்ன ஆகப்போகிறது? ஒரு டிப்ளமோவை முடித்துச் சபர் போனாலாவது குடும்பம் தலைநிமிருமே" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பிழைத்த ஊரில் அக்கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடையாக ஓர் அறிஞரின் வாழ்வையும் பணியையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் பந்தாவூர் என்னும் சிற்றூரில் 1963ஆம் ஆண்டு பிறந்தவர் பேராசிரியர் தலப்பில் பிரதீப். பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். பொன்னானி எம்.இ.எஸ். கல்லூரியிலும் திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியிலும் பயின்றபின், கோழிக்கோடு ஃபாரூக் கல்லூரியில் எம்.எஸ்.சி. முடித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சில காலம் ஆய்வு செய்துவிட்டு, 1993இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். சபர் போனவர் திரும்பி வந்து இந்நாட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஃபாரூக் கல்லூரி 1948இல் தோன்றியது. அதற்கு வித்திட்டவர் மௌலானா அபுஸ்ஸபாஹ் அஹ்மத் அலி அவர்கள். ரவ்ளத்துல் உலூம் அரபிக் கல்லூரியை நடத்திய ஆலிம். அரபிக் கல்லூரியின் அருகிலேயே அறிவியல் கல்லூரியும் எழ வேண்டும் என்று ஓர் ஆலிமும் அவருக்குத் தோள்கொடுத்த செல்வந்தர்களும் எண்ணினர். அவர்கள் ஊன்றிய மரத்தின் நிழலில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்றனர்; பயின்று வருகின்றனர்.

இனி அவர் செய்த பணியைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். வெள்ளி, தங்கம் போன்ற உலோகங்களைச் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் அவற்றின் இயல்பே மாறிவிடுகிறது. பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாத உலோகமும் அந்நிலையில் வினைபுரியத் தொடங்குகிறது. அத்தகைய துகள்கள் குளோரின் கலந்த சில வேதிப்பொருள்களைச் சிதைப்பதைப் பிரதீப் அவர்களின் குழு 2003ஆம் ஆண்டளவில் கண்டது. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகள் பலவற்றிலும் குளோரின் உண்டு. ஆகவே அம்மருந்து கலந்த நீரையும் இவ்வழியில் தூய்மையாக்கலாம் என்று தெளிந்தனர். 2007இல் அது நீர் வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. நெல் வயல்களின் நடுவே வாழும் நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஆர்சனிக். மேற்கு வங்கம், பீகார் போன்ற மாநிலங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே கலந்திருக்கும் நஞ்சு அது. நிறமும் சுவையும் இன்றி உடலில் சேர்ந்து, தோல் புண்ணும் புற்றுநோயும் விளைவிப்பது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்நஞ்சை ஈர்த்துப் பிடிக்கும் இரும்பு சார்ந்த நுண்பொருளை அக்குழு உருவாக்கியது. 'அம்ரித்' எனப் பெயர் பெற்ற அந்தத் தொழில்நுட்பத்தால் பல லட்சம் மக்கள் பயனடைந்துள்ளனர்.

இப்பொருள் செய்யப்படும் முறையே நம்மை மிகவும் கவர்ந்தது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. நம் கடற்கரையில் கழிவென ஒதுக்கப்படும் ஓடுதான் அது! அதனோடு உலோக உப்புகளைச் சேர்த்து, உலை மூட்டாமல், மின்சாரமின்றி, நீரிலேயே வினைபுரியச் செய்கின்றனர். கிடைப்பது ஆற்று மணல் போன்ற குறுமணிகள். கிருமிகளைக் கொல்ல, அம்மணிகளிலிருந்து வெள்ளி அயனிகள் மிகச் சிறிதளவே நீரில் கலக்கின்றன. அந்த அளவும் ஏற்கப்பட்ட வரம்பான லிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டாதவாறு காக்கப்படுகிறது. மருந்தே நஞ்சாகிவிடக் கூடாதல்லவா? ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் நன்னீர் தரலாம் என்று 2013இல் அவர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இயற்கையைக் கெடுக்காமலும் ஏழையின் கைக்கு எட்டும் விலையிலும் அறிவைப் பயன்படுத்துவது என்பது இதுவே.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இம்மணிகள் உப்பை நீக்கா. கரையோரத்தில் வாழும் நம்முடைய துயரோ உப்பு நீர். அதனை நீக்க இன்று பரவலாக உள்ள சவ்வு முறை மின்சாரத்தை உண்பதோடு, நீரில் ஒரு பகுதியைக் கழிவாகவும் வெளியேற்றுகிறது. மின்னூட்டம் பெற்ற கரித்தகடுகளால் உப்பை ஈர்க்கும் முறையிலும் ஆய்வுகள் நடக்கின்றன. நம் ஊரின் குறையைத் தீர்க்கும் ஆய்வை நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்யலாகாதா?

அறிவியலாளரின் வாழ்வு எளிதன்று. வகுப்பு எடுக்க வேண்டும். மாணவரை வழிநடத்த வேண்டும். நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்த சோதனை பயன் தராமல் போவதுண்டு. எழுதிய கட்டுரை திரும்பி வருவதும் உண்டு. 1993இல் பணியில் சேர்ந்தவரின் கண்டுபிடிப்பு மக்கள் கையில் சேர்ந்தது 2007இல். பத்மஸ்ரீ விருது 2020இலும், சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் நீர் விருது 2022இலும் வந்தன. மத்ரஸாவில் ஏழாண்டு ஓதிப் பட்டம் பெறும் ஆலிமுக்கு இப்பொறுமை புதிதன்று. கல்வி எதுவாயினும் காத்திருப்போர்க்கே கனியும்.

வருமானம் குறித்து அஞ்சும் பெற்றோருக்கு ஒரு சொல். எம்.எஸ்.சி. பயில ஐ.ஐ.டி.களில் சேர 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. பின்னர் 'நெட்' தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்ட உதவித்தொகை கிடைக்கிறது. ஆக, ஆய்வு மாணவர் வீட்டுக்குப் பாரமல்லர். நம் பெண்மக்களுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

இடைப்பட்ட எம்.எஸ்.சி. ஈராண்டுகளே கடினமானவை. அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் நம் ஜமாஅத் கைகொடுத்தால் போதும். கல்வி நிதியில் ஒரு பங்கை அடிப்படை அறிவியல் பயில்வோருக்கென ஒதுக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். சபரில் இருக்கும் நம் சகோதரர்களும் இதில் பங்கேற்க வேண்டுகிறோம். தாகித்தவருக்குத் தண்ணீர் தருவது ஸதகா என்பதை நாம் அறிவோம். தண்ணீரைத் தூய்மையாக்கும் அறிவைப் பிள்ளைக்குத் தருவதும் அதனைச் சேர்ந்ததே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், நம் ஊருக்கு நன்னீரையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.