ஆமென் சொன்ன பிறகு



1995இல் தென்மாவட்டங்களில் கலவரம். ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறையே புகுந்து வீடுகளைச் சூறையாடியது. அந்த நாட்களில் இதே புளியங்குடியில் எங்க அம்மா விளக்கை அணைச்சுட்டு, எங்களை முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணுவா.

பயத்தில் ஜெபிப்பது கோழைத்தனம் என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் சொல்லமாட்டேன். கெத்செமனேயில் இயேசுவும் கலங்கித்தான் ஜெபித்தார். ஆனால் எழுந்தார், தூங்கிய சீடர்களை எழுப்பினார்.

நாம் எழுந்துபோய் நியாயம் கேட்டால்? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி வேதக்காரன் பட்டியல் சாதியில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. அதனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் நமக்கில்லை. அடிக்க வந்தவன் மதம் கேட்கவில்லை, சட்டம் கேட்குது!

ஜெபிப்போம். ஆமென் சொன்னதும் எழுந்திருப்போம்; தெருவையும் எழுப்புவோம்.