ஹாஸ்கெல் படிக்கக் கடன் வாங்க வேண்டாம்

(செம்பரம்பாக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளே!

கல்வி உதவி கேட்டு நம்மிடம் வந்த ஒரு தாயார், மகனின் கணினிப் பயிற்சிக்காக நகையை வட்டிக்கு அடகு வைத்துவிட்டதாகச் சொன்னார். மகன் படிக்க விரும்பியது ஹாஸ்கெல் என்ற கணினி மொழி. அதைத் தொடங்கத் தேவையான எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பே சொல்லாமல் விட்டோமே என்று வருந்தினோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

ஹாஸ்கெல் 'ஃபங்ஷனல்' வகை மொழி. ஜகாத் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடமையான தொகையில் நாற்பதில் ஒரு பங்கு. 1 லட்சத்துக்கு 2,500 ரூபாய். யார் போட்டாலும், எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான். இப்படிச் சின்னக் கணக்குகளை ஒன்றோடொன்று கோத்து முழு புரோகிராமையும் எழுதுவதே இந்த முறை. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இதே வகையைச் சேர்ந்த எர்லாங் மொழியில் உருவானவை. 2014-ல் வந்த ஜாவா 8-லும் இம்முறையின் சில அம்சங்கள் சேர்ந்தன. ஹாஸ்கெலுக்கென்றே உள்ள வேலைகள் குறைவு. அதை மறைக்க மாட்டோம். ஆனால் இதில் பழகிய சிந்தனை மற்ற மொழிகளிலும் கைகொடுக்கும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஆசிரியர். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் ஆகியோரின் ஹாஸ்கெல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் வீடியோவாக உள்ளன. பார்க்கக் காசு வேண்டாம். அந்தத் தளத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். பாடம் ஆங்கிலத்தில் என்பதால், இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து பார்த்துத் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளட்டும்.

அடுத்து புத்தகம். ஒன்று போதும். மிரான் லிபொவாச்சாவின் 'லேர்ன் யூ எ ஹாஸ்கெல்' இணையத்தில் இலவசம். படிக்க எளிது, ஆனால் பயிற்சிக் கணக்குகள் இல்லை. கணக்குப் போட்டுப் பழக கிரஹாம் ஹட்டனின் 'புரோகிராமிங் இன் ஹாஸ்கெல்' நல்லது. விலைக்கு வாங்குமுன் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது கருவி. புது லேப்டாப் தேவையில்லை. முதல் சில வாரங்களுக்கு ஹாஸ்கெல் அமைப்பின் இணையப் பயிற்சிப் பக்கமே போதும். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். பிறகு 'ஜிஹெச்சிஅப்' மூலம் கம்பைலரை இறக்கலாம். சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் கனமான எடிட்டர்களும் அவற்றின் துணைக் கருவிகளும் திணறும். சாதாரண எடிட்டரும் 'ஜிஹெச்சிஐ' திரையும் வைத்தே தொடங்கலாம்.

பிள்ளைகளே, பத்துப் பாடங்களைச் சேர்த்து வைப்பதை விட ஒன்றை முடிப்பது மேல். பெற்றோர்களே, பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரு மாதம் இலவசப் பாடத்தில் பிள்ளை நிலைத்திருக்கிறானா, நிலைத்திருக்கிறாளா என்று பாருங்கள். அதன் பிறகும் பணம் தேவைப்பட்டால், அடகுக் கடைக்குப் போகுமுன் நம்மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து வழி தேடுவோம்.

வஸ்ஸலாம்.