அடிமூடிக்குள் என்ன இருக்கிறது?

கட்டட வரைபடம் போடுகிறவர்கள், கோவையில் பம்பும் வால்வும் வடிவமைக்கிற பொறியாளர்கள், நாள் முழுக்க வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் ஆகியோருக்குச் சாதாரண லேப்டாப் போதாது. ஆட்டோகேட், ரெவிட், சாலிட்ஒர்க்ஸ் போன்ற மென்பொருள்களை மணிக்கணக்கில் இழுக்கவென்றே செய்த லேப்டாப்புக்கு மொபைல் ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர். லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, டெல்லின் பிரிசிஷன், எச்.பி.யின் இசட்புக் எல்லாம் இந்த இனம். சாதாரண லேப்டாப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. இவ்வளவு பணம் போட்டு வாங்குகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "பிராசசர் ஐ7ஆ, ஐ9ஆ?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அடிமூடியைக் கழற்றினால் எதையெல்லாம் மாற்ற முடியும், எதையெல்லாம் மாற்ற முடியாது? கையில் இருக்கிற பணத்தை மாற்ற முடியாததில் போட வேண்டும். மாற்ற முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மாற்ற முடியாதது எது? முதலாவது பிராசசர். இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013, 2014 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் பிராசசரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடிந்தது. அதற்குப் பிறகு அநேகமாக எல்லாவற்றிலும் அது மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. பெரும்பாலானவற்றில் கிராஃபிக்ஸ் சிப்பின் நிலையும் அதுதான். அதனால் வாங்கும்போதே கவனமாக இருக்க வேண்டிய இடம் கிராஃபிக்ஸ். அதற்கென உள்ள தனி நினைவகம் 4 ஜிபி என்றால் கடைசிவரை 4 ஜிபிதான். ஐ9 மேல் இருக்கும் மோகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சாலிட்ஒர்க்ஸில் ஒரு பாகத்தை வரைந்து திருத்தும் வேலை பெரும்பாலும் ஒரே ஒரு கோரின் வேகத்தை நம்பித்தான் நடக்கிறது. எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைப்பது ரெண்டரிங்கில். ரெண்டரிங் அதிகம் இல்லாதவர், ஐ9க்குக் கொடுக்கும் கூடுதல் காசைக் கிராஃபிக்ஸுக்குக் கொடுத்தால் பலன் உண்டு. இந்த லேப்டாப்களுக்கு மென்பொருள் நிறுவனங்கள் தரும் சான்றிதழைப் பலர் வேகத்துக்கான முத்திரை என்று நினைக்கிறார்கள். இந்தக் கிராஃபிக்ஸ் கார்டும் இந்த டிரைவரும் எங்கள் மென்பொருளோடு சரியாக ஓடுகின்றன, சோதித்துவிட்டோம் என்பதே அதற்குப் பொருள். ஆகவே டிரைவரைக் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிக்காமல், சான்று பெற்ற பதிப்பு எது என்று பார்த்துப் போடுவது நல்லது.

பெரும்பாலான மொபைல் ஒர்க்ஸ்டேஷன்களில் மாற்ற முடிந்தவை ரேமும் எஸ்.எஸ்.டி.யும். விரல் நீளத்துப் பச்சைப் பலகை ஒன்று, அதன் ஓரத்தில் தங்கநிறப் பற்கள், அந்தப் பற்களுக்கு இடையே ஒரு சிறு வெட்டு. லேப்டாப் ரேம் என்பது இதுதான். அந்த வெட்டு இருக்கும் இடம் டிடிஆர்4க்கு வேறு, டிடிஆர்5க்கு வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அழுத்தினால் உடைவது ஸ்லாட்தான். சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்தால் வேலை முடிந்தது. ஒரே 32 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி நல்லது. பிராசசர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவலை எடுக்கும். 2018இல் வந்த திங்க்பேட் பி52 நான்கு ஸ்லாட்டோடு 128 ஜிபி வரை ஏற்றது. இப்படி நான்கு ஸ்லாட் உள்ள மாடல்கள் சிலவற்றில் இரண்டு அடிமூடிக்குக் கீழே இருக்கும், மற்ற இரண்டு கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அடிமூடியைத் திறந்து பார்த்து "ஸ்லாட் காலியாக இருக்கிறதே, ரேமே இல்லையே" என்று திகைக்க வேண்டாம்.

ரேமை மாற்றும் வசதி வேண்டும் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பற்றவைப்பதற்குக் காரணம் இருக்கிறது: பிராசசருக்கு மிக அருகில் இருப்பதால் வேகம் கூடுகிறது, மின்சாரம் மிச்சமாகிறது, எடையும் குறைகிறது. ஆப்பிள் மேக்புக்குகள் அப்படித்தான் இயங்குகின்றன, நன்றாகவே இயங்குகின்றன. இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வேகத்துக்காகப் பற்றவைத்தே தீர வேண்டும் என்ற நிலை மாறிவருகிறது. 2022இல் டெல் தன் பிரிசிஷன் லேப்டாப்களில் கேம் (CAMM) என்ற தட்டையான, திருகாணியால் பொருத்தும் ரேமைக் கொண்டுவந்தது. 2023 இறுதியில் அதன் அடுத்த வடிவம் தொழில்துறைப் பொதுத்தரமாயிற்று. 2024இல் லெனோவோவும் தன் மெல்லிய பி1 மாடலில் அந்தத் தரத்து ரேமைப் பொருத்தியது. மெலிவும் வேண்டும், மாற்றும் வசதியும் வேண்டும் என்பவர் இனி அதைக் கேட்டு வாங்கலாம். இன்னொரு மறுப்பு விலை பற்றியது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ரேம் விலை ஏறிவிடாதா? ஏறும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் அப்படித்தான் கடுமையாக ஏறியது. அப்படிப்பட்ட நேரத்தில் வாங்குகிறவர் தேவையானதை முதலிலேயே போட்டுக்கொள்வது சரி. அப்போதும் ஸ்லாட் உள்ள மாடலே மேல், ஏனென்றால் ஒரு ரேம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். பற்றவைத்த ரேம் கெட்டால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டிவரும்.

பழுது பார்ப்பதிலும் அடிமூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது கைகொடுக்கிறது. "புதிதில் பறந்தது, இப்போது ஆமைபோல் நகர்கிறது" என்கிற புகாரை எடுத்துக்கொள்வோம். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேன் இறக்கையைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. தூசி அடைப்பது அங்கே இல்லை. ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் செம்புத் தகட்டு வரிசைக்கும் நடுவே, கம்பளித் துணிபோல ஒரு படலமாகப் படிந்திருக்கும். அதை அப்படியே உரித்து எடுக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் ஃபேன் கெடும். இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது சார்ஜர். 170 வாட் கேட்கும் லேப்டாப்பில் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகினால், ஏற்றுக்கொண்டாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும். பழுதே இல்லாத லேப்டாப்புக்குப் பழுது பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். நீலத் திரை வந்து அடிக்கடி நின்றுபோனால், ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, லேப்டாப்பைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ஒர்க்ஸ்டேஷன் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. திங்க்பேட் பி50 மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அது ஆறாம் தலைமுறை. பி52 எட்டாம் தலைமுறை. பெயரில் இரண்டே எண்தான் வித்தியாசம்.

லெனோவோ, டெல், எச்.பி. மூன்றும் தங்கள் ஒர்க்ஸ்டேஷன்களுக்கான பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தத் திருகாணி எங்கே, எத்தனை ஸ்லாட், எது பற்றவைத்தது எல்லாம் படத்தோடு அதில் இருக்கும். நேயர்களே, பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் வாங்கப்போகும் மாடலின் கையேட்டை இறக்கி, ரேம் பற்றிய பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.