கணினிப் பயன்பாட்டியலும் நிகண்டின் வரிசையும்



மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு, பிள்ளை எப்படிப்பில் சேர்வது என்பதே. பொறியியலில் இடம் கிட்டாதார் சேரும் படிப்பென்றே பி.சி.ஏ. எனும் கணினிப் பயன்பாட்டியலைப் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையுடையது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பான இதில் நிரல் எழுதுதல், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு ஆகியன கற்பிக்கப்படும். இவை யாவும் கருவிகள். எத்துறையில் பயன்படுத்துவது என்பதை மாணவரே தேர்தல் வேண்டும். வங்கி, மருத்துவமனை, கடை என்றே இறுதியாண்டுத் திட்டப்பணிகள் பெரும்பாலும் அமைகின்றன. தமிழை எடுப்பார் அரியர். முதற்பகுதித் தமிழ்த்தாளைத் தேர்ச்சி மதிப்பெண்ணோடு கடந்துவிடுவோரே மிகுதி.

தமிழில் கணினிக்குப் பணியில்லையா? ‘கொடி’ என்னும் சொல்லில் எழுத்து இரண்டு என்பான் நன்னூல் கற்ற சிறுவன். ஒருங்குறியிலோ ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகளாக அது பதிகிறது. இதனை அறியாது எழுதிய நிரல் நான்கு என்றே விடை தரும். ஒருங்குறி எண்வரிசையில் னகரம் யகரத்திற்கு முன் நிற்கிறது. அவ்வெண்ணை நம்பிச் சொற்களை அடுக்கினால், அகராதியில் பின்வர வேண்டிய ‘மனம்’ முன்னே வந்து ‘மயில்’ பின்னே செல்லும்.

அடுக்குமுறையை ஆழ்ந்து எண்ணியவர் நம்மவர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதில் சொற்கள் எதுகை நோக்கி, இரண்டாம் எழுத்தைக்கொண்டு அடுக்கப்பட்டுள்ளன. செய்யுளை மனப்பாடம் செய்தார்க்குச் சொல் விரைந்து கிட்டும். தரவுத்தள வகுப்பில் ‘இண்டெக்ஸ்’ என்று கற்பிக்கப்படுவதன் நோக்கமும் இதுவே.

பவணந்தி முனிவரின் புணர்ச்சி விதிகளும் அத்தகையன. மரம், கிளை என்பன சேர்ந்து மரக்கிளையாகும். மரம், வேர் என்பன மரவேராகும். ‘மரம்’ என்று தேடும் நிரலுக்கு இவ்விரண்டும் அகப்படா. மகர மெய் எங்கே கெடும், வல்லினம் எங்கே மிகும் என நன்னூல் நிபந்தனையோடு வகுத்திருப்பதை ஈராண்டு நிரல் பயின்ற மாணவர் நிரலாக்க இயலும். சேர்ப்பது எளிது, பிரிப்பதே கடினம். ‘பலகை’ மரப்பலகையோ, பல கைகளோ என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டும். இலக்கணம் அறியாத நிரலர் இவ்விடத்தில் திகைப்பார்.

நம் இல்லங்களில் ஓதப்படும் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையினது. கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனியிடம் 2014-இல் கிடைத்தது. அந்நூலின் ஒரு தீர்த்தங்கரர் வரலாற்றையேனும் பிழையின்றி உள்ளிட்டுத் தேடத்தக்கதாக்குதல், இறுதியாண்டு மாணவர் ஒருவரின் திட்டப்பணிக்கு ஏற்ற அளவினது. பாட்டியார் படித்துக்காட்ட, பேரன் தட்டச்சு செய்யலாம். கிரந்தம் வாசிக்கவல்ல முதியோர் இன்னும் சில வீடுகளில் உள்ளனர்.